வெல்டரைத் தூக்கிலிட வேண்டாம்: கொல்லப்பட்டவரின் மனைவி எழுதும் மனு

அனுப்புநர்:
கொல்லப்பட்ட பீரோ பட்டறை உரிமையாளரின் மனைவி,
பட்டறை மாடி,
ரயில் பாதைத் தெரு.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
கருணை மனுப் பிரிவு,
நாட்டுத் தலைவர் அலுவலகம்.

பொருள்: என் கணவரின் கொலை வழக்கில் எங்கள் பட்டறை வெல்டருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை நிறுத்தவும், வழக்கை மறுவிசாரணைக்குப் பரிந்துரைக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெல்டருக்காகத் தொழிற்சங்கத்தினரும் பள்ளி ஆசிரியர்களும் எங்கள் தெருவாசிகளும் அனுப்பிய பொது மனுவைத் தங்கள் அலுவலகம் நிராகரித்துள்ளது. அந்தப் பதில் கடிதத்தை வெல்டரின் மனைவி என்னிடம் காட்டினார். "கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரது உணர்வுகளைக் கருத்தில் கொண்டு" என்று அதில் காரணம் கூறப்பட்டுள்ளது. அந்தக் குடும்பத்தில் மூத்தவள் நான். என் உணர்வு என்னவென்று தங்கள் அலுவலகத்திலிருந்து எவரும் இதுவரை கேட்டதில்லை. எனவே கேட்காமலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. பொது மனுவில் நான் கையெழுத்திடவில்லை. சங்கத் தலைவர் நேரில் வந்து, "நீங்க ஒருத்தர் போட்டா ஊரே போட்ட மாதிரிம்மா" என்றார். ஆனால் அந்த மனு "ஏழைத் தொழிலாளிக்கு இரங்குங்கள்" என்று தொடங்கியது. கெஞ்சும் கடிதத்தைவிடக் காரணம் சொல்லும் கடிதத்துக்கே மதிப்பு உண்டு என்று கான்வென்ட்டில் எனக்குக் கற்பித்தார்கள். என்னிடம் காரணம் இருக்கிறது.

3. என் கணவருக்குக் காது கேட்காது. வாழ்நாள் முழுவதும் தகரம் தட்டியதில் வலது காது முற்றிலும் போய்விட்டது. இடது காதில் கத்தினால் ஓரளவு கேட்கும். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். "காதுக்குள்ள எவனோ அரம் போடுறான்" என்று கழற்றி வைத்தவர் பிறகு தொடவே இல்லை. வாசல் மணி கேட்காததால் லாரி ஹாரன் ஒன்றை மாட்டினோம். எங்கள் வீட்டில் ரகசியம் என்று எதுவும் இருந்ததில்லை. நான் அவரிடம் எதைச் சொன்னாலும் தெருமுனைத் தேநீர்க் கடைக்கும் சேர்த்தே சொன்னதாகும்.

4. கொலை நடந்த மாலையில் கண் அறுவைச் சிகிச்சைக்காக நான் மருத்துவமனையில் இருந்தேன். பட்டறை மூடிய பிறகு என் கணவர் உள்ளே தனியாக இருந்தார். எதிர் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர்தான் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி. உள்ளே ஒருவர் சொற்கள் பிடிபடாத அளவு தணிந்த குரலில் வெகுநேரம் பேசியதாகவும், அதற்கு என் கணவர் "என்ன? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கத்தியதாகவும், பின்னர் வெல்டரின் உயரமுள்ள ஒருவர் பக்கத்துச் சந்து வழியாகப் போனதாகவும் அவர் கூறினார். என் கணவர் கத்தியதை ஆத்திரம் என்றும், நடந்தது வாக்குவாதம் என்றும் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

5. தபால்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டதாகச் சொன்ன ஒவ்வொன்றையும் நான் நம்புகிறேன். ஆனால் அது ஆத்திரம் அல்ல, ஐயா. காது கேட்காதவர் கேட்ட "என்ன?" அது. திருமணமான நாளிலிருந்து அதற்குப் பதில் சொல்லித் தொண்டை வறண்டவள் நான். அவர் கடைசியாகப் பேசிய சொல்லும் அதுவாகவே இருந்திருக்கிறது. அதற்குத் தவறான பொருள் கொண்டு ஒரு மனிதரைத் தூக்கிலிட நான் சம்மதிக்க மாட்டேன்.

6. வெல்டர் பல ஆண்டுகளாக எங்களிடம் வேலை செய்தவர். அவரிடம் என் கணவர் "என்ன?" என்று கேட்க நேர்ந்ததே இல்லை. முதலில் தகரத்தில் ஓர் அடி அடிப்பார், என் கணவர் நிமிர்ந்ததும் இடப்பக்கம் வந்து நின்று கத்துவார். அந்தப் பழக்கம் தொற்றி, துக்க வீட்டில்கூட அவருக்கு மெல்லப் பேச வராது. தெருவில் அவருக்கு 'ஸ்பீக்கர்' என்றே பெயர். என் கணவரிடம் வெகுநேரம் மெல்லப் பேசியவன், அவருக்குக் காது கேட்காது என்பதை அறியாதவன். அதாவது, எங்களுக்கு அந்நியன்.

7. கொலைக்குக் காரணமாகக் காட்டப்பட்ட காலைச் சண்டையையும் நான் அறிவேன். அன்று நான் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன், பீரோக் கதவு கோணல் என்று என் கணவர் திட்டினார். "கதவு நேராத்தான் இருக்கு முதலாளி, உங்க கண்ணுதான் கோணல்" என்று வெல்டர் திருப்பிக் கத்தினார். பிறகு இருவரும் ஒரே பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தார்கள். என் கணவரை அடித்துக் கொன்ற சுத்தியலில் வெல்டரின் கைரேகை இருந்தது என்கிறார்கள். அது அவர் தினமும் பிடிக்கும் சுத்தியல். ரேகை இல்லாதிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

8. இவற்றை விசாரணை அதிகாரியிடம் சொன்னேன். "காது கேட்டுச்சா கேக்கலையாங்கறது இப்ப எதுக்கும்மா? போயி ரெஸ்ட் எடுங்க" என்றார். நீதிமன்றத்தில் இறந்தவரின் சட்டையை அடையாளம் காட்டுவதற்காக மட்டுமே என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். காதைப் பற்றி வாய் திறந்ததும் அரசு வழக்கறிஞர், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். எவரும் கேட்கவில்லை. என் கணவருக்குச் சிகிச்சை அளித்த காது மருத்துவர் இன்றும் இதே ஊரில்தான் இருக்கிறார். சாட்சி சொல்லத் தயாராகவும் இருக்கிறார்.

9. என் மகன் இந்த மனுவை விரும்பவில்லை. "அப்பாவைக் கொன்னவனுக்கு நீயே வக்காலத்தா? ஊர் காறித் துப்பும்மா" என்றான். துப்பட்டும். அவனுக்குச் சொன்ன பதிலையே தங்களுக்கும் எழுதுகிறேன். வெல்டரைத் தூக்கிலிட்ட மறுநாள் இந்த வழக்கு முடிந்துவிடும். அதன் பின் என் கணவரைக் கொன்றவனை இந்த நாட்டில் ஒருவரும் தேடப்போவதில்லை. அவன் நிம்மதியாகத் தூங்குவான். எனக்கு அது ஒருபோதும் ஆறுதலாகாது.

10. ஆகவே, தண்டனை நிறைவேற்றும் ஆணையை உடனடியாக நிறுத்திவைக்கவும், காது மருத்துவரையும் தபால்காரரையும் என்னையும் புதிதாக விசாரிக்கப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன். அதுவரை, என் குடும்பத்தின் உணர்வு என்ற சொற்களைத் தங்கள் கோப்பிலிருந்து நீக்கிவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

11. திங்கட்கிழமை காலை தங்கள் அலுவலகம் திறக்கும்போது நான் வாசலில் இருப்பேன். சந்திக்க அனுமதி இல்லை என்று பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். பார்வையாளர் அறையில் இடமில்லையென்றால், வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவருகிறேன்.

தங்களைத் திங்களன்று நேரில் காணவிருக்கும்,

(கையொப்பம்)
கொல்லப்பட்டவரின் மனைவி

இடம்: பட்டறை மாடி
நாள்: மார்ச் 9, வியாழக்கிழமை