காவ்யா கேட்ட பங்கு

வியாழன், இரவு

பி.காம்., பி.எட். கடைசி வருடம். பயிற்சிக்காக ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்குப் போகத் தொடங்கி இது இரண்டாவது வாரம். இன்று பிளஸ் ஒன் வகுப்பில் கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) பாடம் நடத்தினேன். பதினெட்டு வயது ஆகாதவர்கள் கூட்டாளி ஆக முடியாது என்றேன்.

பள்ளி விடுதியில் தங்கியிருக்கும் காவ்யா எழுந்தாள். "அப்பா இறந்ததும் தொட்டியம் வாழைமண்டியில அவர் பங்குக்கு என்னைச் சேர்த்திருக்காங்க மிஸ்."

என்னை மதிப்பிட வந்த பேராசிரியர் கடைசி வரிசையில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அதெல்லாம் செல்லாது, உட்காரு" என்றேன். சிலர் சிரித்தார்கள்.

மணி அடித்ததும் வாசலில் வந்து நின்றாள். "அப்ப அந்தப் பங்கு எங்களுக்கு இல்லையா மிஸ்? ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொல்லணும்." நாளைக்குப் பேசலாம் என்று நகர்ந்துவிட்டேன்.

"கிளாஸை நல்லா கன்ட்ரோல்ல வச்சிருந்தீங்க" என்றார் பேராசிரியர்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். மற்ற கூட்டாளிகள் எல்லோரும் சம்மதித்தால், பதினெட்டு வயது ஆகாதவரையும் லாபத்தில் பங்கு பெறச் சேர்க்கலாம். அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. நான்தான் அதுவரை படிக்கவில்லை.

விடுதிக்கு போன் செய்தேன். "பிள்ளைங்க வீட்டுக்குப் பேசி முடிச்சுப் படுத்தாச்சுங்க" என்றார் வார்டன். மிஸ் சொன்னது தப்பு என்று காவ்யாவிடம் சொல்லச் சொன்னேன். காலையில் சொல்வதாகச் சொன்னார்.

நாளை அத்தனை பேர் முன்னாலும் நானே சொல்வேன். அவள் அம்மா இன்று தூங்கியிருப்பாரா என்றுதான் தெரியவில்லை.