ட்ரம்பெட் மாமாவுக்கு ஒரு வாழ்த்து

டிசம்பர் 3

ட்ரம்பெட் மாமாவின் நாற்காலியில் யாரோ ஈரக் குடையை வைத்திருந்தார்கள். ஒத்திகை அறைக்குள் நுழைந்ததும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. எடுத்து மூலையில் சாத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாடகர் குழுவில் நான் பாடுகிறவள் இல்லை, பாட்டுத்தாள் கொடுக்கிறவள். நான் எதை எங்கே வைத்தாலும் ஒருவருக்கும் தெரியாது.

அவர் மனைவியை, எங்கள் மாமியை, அடக்கம் செய்த ஜனவரிக்குப் பிறகு மாமா தேவாலயப் பக்கமே வரவில்லை.

டிசம்பர் 7

சீட்டு எடுத்தோம். யார் பெயர் வருகிறதோ அவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுத வேண்டும். கூடவே குளிர்கால நினைவு ஒன்று, கட்டாயம் நடந்ததாக இருக்க வேண்டும். இருபத்துநான்காம் தேதி மதிய ஒத்திகையில், வாங்கியவர் எழுந்து நின்று உரக்கப் படிப்பார். வருடாவருடம் இதே வழக்கம்தான்.

குழுவை நடத்துகிற மாஸ்டர் ட்ரம்பெட் மாமா பெயரையும் டப்பாவில் போட்டார்.

"அவருதான் வர்றதே இல்லையே மாஸ்டர்?" என்றார் இடி. கட்டைக்குரலில் பாடுகிற அண்ணனுக்கு அதுதான் பெயர்.

"வராதவங்க வாழ்த்து வாங்கக் கூடாதுன்னு சட்டமா?"

என் சீட்டைப் பிரித்தேன். ட்ரம்பெட் மாமா.

யாரிடமாவது மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை.

டிசம்பர் 8

எழுதவில்லை.

டிசம்பர் 11

ஆர்கன் அக்கா நான் வேலை செய்யும் சலவைக்கடைக்குத் திரைச்சீலை கொடுக்க வந்தார். "யாருக்குடி எழுதற?" என்றார்.

"சொல்லக் கூடாதுல்ல அக்கா."

"அப்ப அவருக்குத்தான். உன் மூஞ்சியே சொல்லுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாவம் அந்த மனுஷன். எங்க வீட்டுக்காரர் போய்க் கூப்பிட்டதுக்கு என்ன சொன்னாராம் தெரியுமா? 'அன்னிக்கு அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து அழுத்திப் பாத்தேன், ட்ரம்பெட்டோட மூணு வால்வும் வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. கோளாறு ட்ரம்பெட்ல இல்ல, என் கையில. பொண்டாட்டிக்கு ஒரு பாட்டு வாசிக்க முடியாதவன் இனி யாருக்கு வாசிக்கறது'ன்னாராம்."

அக்கா போன பிறகு ஒரு சட்டைக் காலரைக் கருக்கிவிட்டேன். முதலாளியம்மா திட்டினார். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 14

இங்கேயாவது எழுது. உன் நோட்டுதானே.

மாமியை அடக்கம் செய்த அன்று தேவாலயத்தில் அவர் ஒரு பாட்டு வாசித்தார். கல்லறையில் இன்னொன்று வாசிக்க இருந்தார், மாமிக்குப் பிடித்தது. சவப்பெட்டியைத் தூக்கக் கை வேண்டும் என்று ட்ரம்பெட்டை என்னிடம் கொடுத்தார். "கோட்டுக்குள்ள வச்சுக்கம்மா. ஊதின ஈரம் உள்ள இருக்கு, குளிர்ல உறைஞ்சிடும்."

வைத்தேன். வைத்துக்கொண்டுதான் நடந்தேன். காற்று வந்து பாட்டுத்தாள்களை அள்ளிக்கொண்டு போனது. ட்ரம்பெட்டைக் கல்லறை மதில்மேல் வைத்துவிட்டு ஓடினேன். இருபத்தாறு தாள். பனியில் புதைந்து புதைந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். திரும்பி வந்து தொட்டபோது விரல் ஒட்டிக்கொண்டது. துடைத்துக் கொடுத்துவிட்டேன்.

அவர் அழுத்தினார். ஒரு வால்வும் இறங்கவில்லை. வால்வே தேவைப்படாத ஒரு சுரம் மட்டும் வந்தது. மறுபடி அழுத்தினார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையைத்தான் — ட்ரம்பெட்டைப் பார்க்கவே இல்லை.

வால்வுக்குள் உறைந்த ஈரம் வீட்டுச் சூட்டில் உருகியிருக்கும். இறங்காமல் என்ன செய்யும்?

சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஏன்டி சொல்லல? பதினோரு மாசமா வாயில என்ன வச்சிருந்த?

டிசம்பர் 16

"பனி அழகாகப் பெய்தது. உங்களுக்கு என் வாழ்த்துகள்" என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை. கிழித்துப் போட்டேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணல் என்று சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். பயம் எழுத்தைப் பற்றி இல்லை. இதை அவர் அத்தனை பேர் முன்னால் படிப்பாரே?

அம்மா கேட்டாள், "ஏன் உம்முன்னு இருக்க? கடையில ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"சரி, சாப்பிட்டுட்டு வந்து உம்முன்னு இரு."

டிசம்பர் 18

எல்லாவற்றையும் எழுதினேன். மதில், தாள்கள், விரல் ஒட்டியது. கீழே என் பெயரையும் எழுதினேன். காலையில் கடைக்குப் போகிற வழியில் அவர் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் ஓடிவிட்டேன்.

டிசம்பர் 22

பதில் எதுவும் இல்லை. எதை எதிர்பார்க்கிறேன்?

டிசம்பர் 24

மதியம் எல்லோரும் படித்துக்கொண்டிருந்தோம். ஆர்கன் அக்காவுக்கு வந்த வாழ்த்தில், ஹீட்டர் கெட்டுப்போன வருஷம் அவர் கையில் காலுறை மாட்டிக்கொண்டு வாசித்த கதை. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று கட்டை சேர்ந்து கத்தியதாம்.

"கத்தினது கட்டை இல்ல, காலுறை நாத்தம் தாங்காம நாங்கதான்," என்றார் இடி.

"துவைச்சதுடா அது!"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. ட்ரம்பெட் மாமா. கையில் ட்ரம்பெட் இல்லை. நன்றாக இளைத்திருந்தார். தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மாஸ்டர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தார். பிறகு, "வாங்க, வாங்க. உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கணுமே, படிங்க," என்றார்.

அவர் எழுந்து சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"வந்துச்சு," என்றார். "இது எனக்கு மட்டும் இருக்கட்டும் மாஸ்டர்."

"அதெப்படி, எல்லாரும் படிச்சோம்ல?" என்றார் இடி.

"விடுப்பா," என்றார் அக்கா.

பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். "கையைப் பாரு. இன்னும் நடுங்குது பாவம்."

அது அவர் காதில் விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். தாளைப் பிரித்து ஒரு வரி படித்தால் போதும், அந்தப் 'பாவம்' அவரை விட்டுப் போய்விடும். அவர் தாளை நாலாக மடித்தார். எனக்காக.

எழுந்தேன். காது இரண்டும் சுட்டது.

"மாமா, அதைக் கொடுங்க. நான் படிக்கறேன்."

"வேண்டாம்மா."

"கொடுங்க மாமா."

வாங்கிப் பிரித்தேன். முதல் வரியிலிருந்து என் பெயர் வரைக்கும், பின்வரிசைக்குக் கேட்கும்படி படித்தேன்.