வீங்கிய காலும் விமானப் பணிப்பெண்ணும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நல்லபடியாக வந்து ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன்.

விமானத்தில் ஒரு வேடிக்கை. நகராமல் உட்கார்ந்தே வந்ததில் என் கால்கள் பூசணிக்காயாக வீங்கி, ஷூவுக்குள் போக மறுத்துவிட்டன. நர்ஸ் வேலைக்குப் போகிறவள் குழந்தைபோல அழுதேன். அதை விமானப் பணிப்பெண் பார்த்துவிட்டாள்.

"எனக்கு நின்னு நின்னு கால் வலி, உங்களுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து வலி. வாங்க, சேர்ந்து நடப்போம்" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். தண்ணீர் கொடுத்து, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னாள். அத்தனை பேருக்கும் ஓடியாடிக் களைத்தவள், என்னைக் கடக்கும்போதெல்லாம் "எழுந்தாச்சா?" என்று அதட்டினாள். வீக்கம் பாதி வடிந்தது. இறங்கும் முன் மண்டியிட்டு, என் ஷூ நாடாவைத் தளர்த்திக் கட்டியும் விட்டாள். அப்படி ஒரு மனசு, அப்பா! வார்டில் யாராவது முனகினால் அவள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

நீங்கள் வரும்போது நடைபாதை ஓர சீட்டாகக் கேளுங்கள். வருவீர்கள்தானே? உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும், தலையணைக்கு உறையாகப் போட. இங்கே கடையில் உறை கிடைக்கிறது, இருந்தாலும் கொண்டுவாருங்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்