டாக்டரம்மாவுக்குக் காட்டாத கால்

சுவேதா அப்பாவுக்கு,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. தேங்காய் இல்லை, பொடி தொட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை மறந்துவிடாதீர்கள். கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை உள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் தூக்க வேண்டாம். செருப்பில்லாமல் வாசலுக்கும் போக வேண்டாம்.

நேற்றைய கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்து வீடியோ டாக்டர் ரூமுக்கு ஷேர் ஆட்டோவில் உங்களை எப்படிக் கெஞ்சிக் கூட்டிப் போனேன்! திரையில் அந்த டாக்டரம்மா, "புண்ணு தெரியற மாதிரி காலைக் கொஞ்சம் கேமராகிட்ட தூக்கிக் காட்டுங்க ஐயா" என்று பொறுமையாகத்தானே கேட்டார்கள்? "டாக்டரு மூஞ்சிக்கு நேரா கால நீட்டுறதா? இன்னா மரியாத இது!" என்று எழுந்து வந்துவிட்டீர்கள். "அந்தக் காலைப் பாக்கத்தானே நான் உக்காந்திருக்கேன்" என்று அவர்கள் காலி நாற்காலியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அங்கேதான் போகிறேன். விடிந்ததும் உங்கள் காலைப் போட்டோ எடுத்துவிட்டேன், அதைக் காட்டுவேன். திட்டுவதென்றால் வந்தபிறகு திட்டுங்கள்.

வசந்தா

சாவி என்னிடம் இருக்கிறது. உள்தாழ்ப்பாள் போடாதீர்கள்.

இன்னொன்று. போட்டோ எடுக்கக் கட்டை அவிழ்த்தேன். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது, பிய்த்துத்தான் எடுத்தேன். வலியில் கத்துவீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் புரண்டுகூடப் படுக்கவில்லை, குறட்டையும் நிற்கவில்லை.