பேர் வேண்டாம்னு சொன்ன பாட்டு

15 ஜூன் 2025, ஞாயிறு

துணி துவைத்து மாடியில் காயப்போட்டேன். நாலு மணிக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ரேடியோ எங்கள் வீட்டில் தண்ணித்தொட்டி பக்கம்தான் கரகரப்பு இல்லாமல் எடுக்கும். சின்ன ஸ்டேஷன், ராஜபாளையம் தாண்டினால் கேட்காது.

ஞாயிறு நாலு மணி நிகழ்ச்சி நடத்துகிற ஜோயல் அண்ணன் இன்று மில் பையன்கள் பெயிண்ட் டப்பாவில் அடித்துப் பாடியதைப் போட்டார். நடுவில் ஒருத்தன் இருமுகிறான். அதைக்கூட வெட்டவில்லை. “பஞ்சுக்குள்ள வேலை பாக்கிறவன் இருமத்தான் செய்வான், கேளுங்க” என்றார். இதையெல்லாம் வேறு எந்த ரேடியோவில் போடுவார்கள்? கொட்டுக்காரர், சர்ச்சுக்குப் பின்னால் கிட்டார் பழகுகிற பையன், பேண்டேஜ் துணி பேக்கிங்கில் நிற்கிற நான். அவருக்கு எல்லாரும் ஒன்றுதான்.

கடைசியில் என் பாட்டு. “ராஜபாளையத்துலருந்து ஒரு தங்கச்சி. பேர் வேண்டாம்னுட்டா.” போன வருசத்திலிருந்து அப்படித்தான் சொல்கிறார். அக்காவைப் பற்றிய பாட்டு. ராகம் கிடையாது, மூச்சுவிடாமல் பேசுகிற மாதிரி. ராப் என்கிறார்கள். கீழே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்தேன்.

22 ஜூன், ஞாயிறு

நாலு மணிக்கு சினிமாப் பாட்டு. ஸ்டேஷன் மாறிவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு ஒரு பெண் குரல் வந்தது. நிகழ்ச்சி நடத்தி வந்த ஜோயல் நேற்று மாரடைப்பால் இறந்துபோனார், வயது நாற்பத்தி மூன்று, நாளைக் காலை அடக்கம். அவ்வளவுதான். அடுத்து ஜவுளிக்கடை விளம்பரம்.

ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டாள். தலைவலி என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் எனக்கு யார்?

23 ஜூன், திங்கள்

லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே போக என்ன முறை இருக்கிறது எனக்கு? மில் பையன்கள் ஒருத்தன் தோளில் ஒருத்தன் சாய்ந்து அழுதார்கள். இருளப்பசாமி என்கிறவர் — கொட்டு அடிக்கிறவர், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார், ரேடியோவில் அடிக்கடி வருவார் — கொட்டோடு வந்திருந்தார். அடக்கத்தில் கொட்டு வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் அதை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் ஜோயல் அண்ணனை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். பாட்டைப் பதிவு செய்ய அவரே ராஜபாளையம் வந்தார், தெரிந்தவருடைய போட்டோ ஸ்டுடியோவுக்கு. பாடி முடித்தேன். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. மைக்கை அணைத்தார்.

“இப்ப சொல்லு. அக்கா பேர் என்ன?”

அங்காளம்மாள் என்றேன். சொல்லும்போதே உடைந்துவிட்டேன். அவள் செத்த பிறகு அவள் பேரை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

26 ஜூன், வியாழன்

சமுத்திரம் மாமா கூடை நிறைய மாம்பழத்தோடு வந்தார். வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அம்மாவுடைய கூடப்பிறந்த தம்பி. அக்காவைக் கட்டியவரும் அவர்தான்.

அவருக்குப் பெண் பார்த்தாயிற்றாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். காளீஸ்வரி. இருபத்திரண்டு வயசு. ஆவணியில் கல்யாணம். “அவன் எம்புட்டு நாளைக்குத் தனியாக் கெடப்பான்” என்று அம்மா மாம்பழத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

நான் மாம்பழத் தட்டைத் தள்ளிவைத்தேன். அக்கா அவர் வீட்டு விட்டத்தில்தான் தொங்கினாள். வயிற்றுவலி தாங்காமல் செய்துகொண்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். குளிப்பாட்டியது நான். காது கிழிஞ்சிருந்துச்சு. முதுகெல்லாம் பழைய தழும்பு, புதுத் தழும்பு. அம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, “வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது. அவன் என் தம்பிட்டி” என்றாள்.

அந்தக் காளீஸ்வரி என்ன பாவம் செய்தாள்?

29 ஜூன், ஞாயிறு

நாலு மணிக்குச் சினிமாப் பாட்டு. அணைத்துவிட்டேன்.

3 ஜூலை, வியாழன்

இருளப்பசாமி போன் செய்தார். ஜோயல் அண்ணன் போனில் என் நம்பரைப் ‘பேர் இல்லாத தங்கச்சி’ என்று போட்டு வைத்திருந்தாராம். அவர் சம்சாரம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பதிமூன்றாம் தேதி, தன் சவுண்ட் சர்வீஸ் குடோனில் எல்லாரும் கூடிப் பாடப்போகிறார்களாம். அடக்கத்தில் முடியாததை அங்கே செய்யப்போகிறோம் என்றார். வீடியோவும் எடுப்பார்களாம்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். “வந்து உட்காந்துட்டுப் போனாலும் சரிம்மா. நீ யாருன்னு அவன் எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நாங்களும் கேக்க மாட்டோம்” என்றார்.

10 ஜூலை, வியாழன்

அம்மாவிடம் காளீஸ்வரி பேச்சை எடுத்தேன். அக்காவுக்கு நடந்ததை அவள் வீட்டில் சொல்லிவிட வேண்டாமா என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, செத்தவளுக்காக இருக்கிறவனைக் கெடுக்க முடியாது என்றாள்.

13 ஜூலை, ஞாயிறு

போனேன்.

குடோன் நிறைய ஆட்கள். ஸ்பீக்கர் பெட்டி மேலே ஜோயல் அண்ணன் படம். மாலை போட்டிருந்தார்கள். அவர் சம்சாரம் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். இருளப்பசாமி முதலில் கொட்டினார். அடித்துக்கொண்டே அழுதார், கை மட்டும் தப்பவே இல்லை. மில் பையன்கள் பாடினார்கள். அடுத்து என் பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

இத்தனை பேருக்கு நடுவில் என் குரலை நான் கேட்டதே இல்லை. சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பாட்டு மனப்பாடம். அக்காவைத் தெரியாத ஒருத்தி அக்கா பாட்டை முணுமுணுக்கிறாள். என்னால் உட்காரமுடியவில்லை. எழுந்து போய் மைக்கைக் கேட்டேன். பாட்டை நிறுத்தினார்கள்.

“என் பேர் யுவராணி. இது என் அக்கா அங்காளம்மாள் பாட்டு. வத்திராயிருப்புல, எங்க மாமா சமுத்திரம் வீட்டுல, அடி தாங்காம செத்துப்போனா. அவர் இப்ப ரெண்டாவது கல்யாணம் பண்ணப்போறார்.”

பிறகு முதலிலிருந்து பாடினேன். யாரும் கைதட்டவில்லை. ஜோயல் அண்ணன் சம்சாரம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பாட்டைப் போடும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து அவர் சரியாகச் சாப்பிட மாட்டார் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட்டை மடித்து மடித்துக் கிழித்துவிட்டேன். என்ன செஞ்சிட்டேன் நான்?

16 ஜூலை, புதன்

வீடியோ வத்திராயிருப்பு வரைக்கும் போய்விட்டது. மாமா வந்தார். வாசலிலேயே நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். கையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா குறுக்கே நின்றாள். எனக்காகவா, அக்கம்பக்கம் பார்க்கிறது என்பதற்காகவா — தெரியவில்லை. அவர் போன பிறகு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கு மட்டும் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

18 ஜூலை, வெள்ளி

புது நம்பரிலிருந்து போன். காளீஸ்வரி.

“அக்கா, நெசமா?”

“நெசம்.”

அழுதாள். கல்யாணம் நின்றுவிட்டதாம். அவள் அப்பா வெளியே தலைகாட்டுவதில்லையாம். முன்னாடியே எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாமே, இப்படியா ஊர் முன்னால் சொல்வது என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். மன்னித்துக்கொள் என்றேன். வைத்துவிட்டாள்.

ஜோயல் அண்ணன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தெரியவில்லை. அவரிடம் கேட்க முடியாது என்பது இன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

25 ஜூலை, வெள்ளி

அம்மா இன்னும் பேசவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். வீடியோவைப் பக்கத்து வீட்டுப் போனில் பார்த்தாளாம். ஒரு தடவை இல்லை, பல தடவை.

“அதுல ஒண்ணு தப்பா இருக்கு” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“கடைசி நாள் நம்ம வீட்டுக்கு வர அவளுக்குப் பஸ் கெடைக்கலன்னு பாடுத. கெடச்சுச்சுட்டி. காலையிலயே வந்துட்டா. நீ வேலைக்குப் போயிருந்த. சோறு போட்டேன். பொறவு நாந்தான் கூட்டிட்டுப் போய், திரும்பப் பஸ் ஏத்திவிட்டேன்.”

பிசைந்த சோறு கையிலேயே காய்ந்துவிட்டது. அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அக்கா அன்றைக்கு என்ன கட்டியிருந்தாள் என்று கேட்டேன்.

“என் ஊதாச் சேலை. பாதி வழியில செருப்பு அந்துபோச்சு. என் செருப்பைக் கழட்டிக் குடுத்துவிட்டேன்” என்றாள் அம்மா.