அக்காவின் தலையாட்டல்

மார்ச் 4
என் கணக்குப் புத்தகத்தின் கடைசி அத்தியாயமான ஏழாவதும் முடிந்தது. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்கான நிரூபணம்: எல்லாவற்றையும் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. நான் வாசித்துக் காட்ட, அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தலையாட்டினாள். அவள் தலையாட்டினால்தான் அத்தியாயம் பதிப்பகத்துக்குப் போகும். ஆரம்பத்திலிருந்தே இது என் விதி. கணக்கென்றால் வேப்பங்காய் அவளுக்கு. அவளுக்கே புரிந்தால் யாருக்குத்தான் புரியாது?

மார்ச் 9
பின்னட்டை வாசகம் அனுப்பினேன். ‘கணக்கில் மூன்று முறை தோற்ற என் அக்காவுக்குப் புரிந்த பிறகே ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்தது.’
பதிப்பாசிரியர் தொலைபேசியில் சிரித்தார். "இந்த ஒரு வரியே புத்தகத்தை வித்துடும்பா."

மார்ச் 15
அட்டை பார்க்க அக்காவையும் அழைத்துப் போயிருக்கக் கூடாது.
பதிப்பாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்கம்மா, நீங்கதான் முதல் வாசகி. பகா எண்ணுக்கு ஏன் முடிவில்ல? உங்க பாஷையில சொல்லுங்க, முன்னுரையில போட்டுடலாம்."
"அதான் தம்பி எழுதியிருக்கானே."
"அவர் எழுதினது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."
அக்கா என்னைப் பார்த்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பதிப்பாசிரியரே பேச்சை மாற்றினார்.
பேருந்தில் கேட்டேன், எதுவரை புரிந்தது என்று.
"ரெண்டாவது அத்தியாயம். அதுலயும் பாதிதான்."
ஏழு அத்தியாயத்துக்கும் தலையாட்டினாளே. வேற யாராவது செஞ்சிருந்தா தொலையட்டும்னு விட்டிருப்பேன். செஞ்சது அக்கா.
"பின்ன ஏன்க்கா தலையாட்டினே?"
"நீ எங்கடா பேப்பரைப் பாத்துப் படிச்சே? என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தே. எப்படிப் புரியலைன்னு சொல்றது?"
அப்படியானால் நான் யாருக்காக எழுதினேன்?

மார்ச் 16
அக்கா போட்ட காபியைத் தொடாமலே வெளியே கிளம்பிவிட்டேன்.

மார்ச் 18
துரோகி என்றே சொல்லிவிட்டேன். அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்தாள்.
"நான் நாலு சுவத்துக்குள்ள ஒரு பொய் சொன்னேன். நீ நான் ஃபெயிலானதை அச்சடிச்சு ஊருக்கே விக்கப் போறே. அன்னிக்கு அட்டையில பாத்துதான் எனக்கே தெரியும். என்னைக் கேட்டியாடா?"
கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.
அவ சொன்னது நியாயம்தான். அதுக்காக எனக்கு ஆறிடுமா?

மார்ச் 21
அச்சை நிறுத்தச் சொன்னேன். பின்னட்டை வரியையும் எடுக்கச் சொன்னேன்.
"யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் பதிப்பாசிரியர். "வாங்குறவங்களும் தலையாட்டிட்டுத்தான் படிப்பாங்க. இப்ப விட்டா இந்த வருஷம் புத்தகம் இல்ல. பரவாயில்லையா?"
பரவாயில்லை என்றேன். வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

ஏப்ரல் 2
ஏழாம் அத்தியாயத்தை அவள் மிஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன். வாசித்துக் காட்டவில்லை.
கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் நின்றது.
"எல்லாத்தையும் பெருக்குறே, சரி. ஒண்ணை எதுக்குடா கூட்டணும்?"
பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.
"புரியல."
வேறு மாதிரி சொன்னேன்.
"இதுவும் புரியல."
என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.