சரிபார்க்க வந்தவர்

அனுப்புபவர்:
திருமதி அஞ்சலினா சுகந்தன்,
லிங்கநகர், திருகோணமலை.
(வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவை மூடிய உறையினுள்)

பெறுபவர்:
சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
திருகோணமலை.

விடயம்: தூதரக அலுவலர் எனக் கூறி வீட்டுக்கு வந்தவர் எனது குடும்ப இணைவு விசா விண்ணப்பத்தை என் பெயரால் மீளப் பெற்றமை, 14.11.2025க்கு முன் பொலிஸ் அறிக்கை வழங்குமாறு வேண்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கிறேன். மின்னஞ்சலில் அனுப்ப முடியாமைக்கான காரணம் 12ஆம் பந்தியில் உள்ளது. நீளத்துக்கு மன்னிக்கவும். சுருக்கி எழுத இரண்டு முறை முயன்றேன். சுருக்கியபோது அது நடக்காத ஒன்றைப் போல இருந்தது.

1. எனக்கு வயது முப்பத்து நான்கு. மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் உள்ள தனியார் ஐஸ் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்குப் போய்ப் பின்னேரம் இரண்டு மணிக்கு வீடு திரும்புவேன். என்னுடன் இருப்பவர் என் தந்தை வின்சன்ட் மட்டுமே. துறைமுக இழுவைப்படகில் முப்பது வருடம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் என்பதால் அவருக்குக் காது மந்தம். அம்மா காலமாகிவிட்டார்.

2. 11.06.2022 அன்று எமது பங்குக் கோவிலில் எனக்கும் சுகந்தனுக்கும் திருமணம் நடந்தது. பெற்றோல் கிடைக்காத காலம் ஆகையால் மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் கோவிலுக்கு நடந்தே போனோம். என் கணவர் வெளிநாடொன்றில் நிரந்தர வதிவிட உரிமையுடன் வெதுப்பகம் ஒன்றில் வேலை செய்கிறார். நாட்டின் பெயரும் கோவை இலக்கமும் இணைப்பு 1இல் உள்ளன. ஆறு கிழமை என்னுடன் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். 2023 பங்குனியில் விண்ணப்பம் அனுப்பினோம். பன்னிரண்டு மாதத்தில் முடிவு வரும் என்று சொல்லப்பட்டது.

3. இன்றைக்கு இரண்டு வருடமும் ஏழு மாதமும் ஆகின்றன. இக்காலத்தில் மருத்துவச் சான்றிதழ் இரண்டு தடவையும், தங்கள் திணைக்களத்தின் நற்சான்று அறிக்கை மூன்று தடவையும் எடுத்தேன். ஒவ்வொன்றும் காலாவதியானது. கணவர் கேட்கும்போதெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. தொழிற்சாலையில் பதவி உயர்வு தருவதாகச் சொன்னார்கள். போகப் போகிறவள்தானே என்று மறுத்துவிட்டேன். முதலாம் வருடம் கோவிலில் எல்லோரும் "எப்ப பயணம்?" என்று கேட்டார்கள். இரண்டாம் வருடம் தாழ்ந்த குரலில் கேட்டார்கள். இப்போது ஒருவரும் கேட்பதில்லை. இதையெல்லாம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. பின்னர் நடந்ததை நான் ஏன் உடனே விளங்கிக்கொள்ளவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

4. 2023 ஆவணியில் எங்கள் திருமணம் உண்மையானதென்று காட்ட மேலதிகச் சான்றுகள் கேட்கப்பட்டன. அதற்காக நானும் கணவரும் கைத்தொலைபேசியில் ஒருவருக்கொருவர் எழுதியவற்றை, ஒன்றும் விடாமல், 214 பக்கங்களாக அச்செடுத்துக் கொடுத்தோம். விண்ணப்ப வேலைகள் அனைத்தையும் நகரில் தொடர்பாடல் நிலையம் நடத்தும் திரு. தாஹிர் அவர்களின் கடையிலேயே செய்தோம். எனக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கவில்லை. கடையிலேயே ஒன்றைத் திறந்து தந்தார்கள். தட்டச்சு செய்த பெடியனின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பக்கங்கள் அவர் கையில் இருந்ததால் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

5. 19.06.2025 வியாழக்கிழமை காலை, நான் வேலையில் இருந்தபோது ஒருவர் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதளவில் இருக்கும், வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை. தன் பெயர் குலசிங்கம், தூதரகத்தின் சரிபார்ப்பு அலுவலர் என்று தந்தையிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் திருமணப் படத்தின் பிரதியைக் காட்டியிருக்கிறார். தந்தை கதிரை போட்டுத் தேநீர் கொடுத்து, கேட்டபடியே என் அறையையும் அலுமாரியையும் திறந்து காட்டினார். வந்தவர் அறையைப் படம் எடுத்தார். நான் வேலையால் வந்தபோது தந்தை வாசலிலேயே நின்றார். "பிள்ளை, உன்ர அலுவல் சரிவந்திட்டுது" என்றார். அன்று பின்னேரம் நான் கோவிலுக்குப் போய் நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன். கணவர் தொலைபேசியில் அழுதார்.

6. இரண்டாம் முறை 08.07.2025 பின்னேரம், நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். கேட்ட கேள்விகள் முதலில் சாதாரணமானவை. திருமணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், கணவருக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்பவை. பிறகு தந்தை அருகில் இருக்கும்போதே, அவருக்கும் கேட்கும் அளவுக்குக் குரலை உயர்த்திக் கேட்டார்: "இருபத்திரண்டாம் ஆண்டு ஆவணியில உங்கட உடம்புக்கு என்ன நடந்தது?"

ஐயா, திருமணமாகி இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு கரு தங்கி அழிந்தது. அதை நான் என் கணவருக்கு மட்டும், எழுத்தில் மட்டும் சொல்லியிருந்தேன். தந்தைக்குத் தெரியாது. அன்று அவர் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அப்படி இருந்தும், வந்தவர் மீது எனக்குச் சந்தேகம் வரவில்லை. தூதரகத்துக்கு எல்லாம் தெரியும், அவர்களிடம் எல்லாப் பக்கங்களும் இருக்கின்றன என்றே நினைத்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

7. மூன்றாம் முறை 29.07.2025. தந்தையைக் கடைக்கு அனுப்பும்படி சொன்னார். அனுப்பினேன். அன்று கேட்ட கேள்விகளை இங்கே எழுத ஏலாது. தனித்தாளில் எழுதி மூடிய உறையில் வைத்திருக்கிறேன். இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு, அப்பா வரப்போகிறார் என்றேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "உங்கட கோவை என்ர கையில கிடக்கு. மேல வைக்கிறதும் கீழ வைக்கிறதும் நான்தான்." பிறகு, 09.08.2025 சனிக்கிழமை நிலாவெளியில் உள்ள விடுதி ஒன்றுக்குத் தனியாக வரவேண்டும், அது இறுதி நேர்காணல் என்றார். வெளியே போகும்போது, என் கணவர் எனக்கு எழுதிய ஒரு வசனத்தை, அவர் எழுதிய அதே சொற்களில், என்னைப் பார்த்துச் சொன்னார்.

8. நான் விடுதிக்குப் போகவில்லை. ஆனால் கணவரிடமும் சொல்லவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். சொன்னால் அவர் தூதரகத்துக்கு முறையிடுவார், முறையிட்டால் கோவை பழுதாகும் என்று பயந்தேன். இத்தனை காலம் காத்திருந்ததை ஒரு சனிக்கிழமையால் கெடுத்துவிட்டேனோ என்றுகூட யோசித்தேன். ஆவணி முழுவதும் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருந்தார். என் தொலைபேசிக்கு அழைப்புகள் வரும், எடுத்தால் ஒருவரும் கதைப்பதில்லை. 02.09.2025 அன்று ஒரு குறுஞ்செய்தி வந்தது: "நேர்காணலுக்குச் சமுகமளிக்காத காரணத்தை எழுத்தில் தரவும்."

9. 12.09.2025க்குப் பிறகு என் கணவர் அழைப்பதை நிறுத்தினார். நான் அழைத்தாலும் எடுக்கவில்லை. ஒன்பது நாள். பத்தாம் நாள் எடுத்து, "அஞ்சலி, நீ எழுதினியோ இல்லையோ? அதை மட்டும் சொல்" என்றார். எதை என்று கேட்டேன். அவர் வாசித்துக் காட்டினார். என் முகவரியிலிருந்து அவருக்கு மின்னஞ்சல் போயிருந்தது. எனக்கு இங்கே வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது, என்னைத் தேடவேண்டாம் என்று இருந்தது. அதே நாளில் விண்ணப்பத்தை மீளப் பெறுவதாக என் கையொப்பத்துடன் தூதரகத்துக்கும் கடிதம் போயிருந்தது. கையொப்பம் என்னுடையதைப் போலவே இருக்கிறது.

நான் எழுதவில்லை என்றேன். அந்த மின்னஞ்சலில் நான் அவரைக் கூப்பிடும் பெயர் இருந்தது. நான் வழக்கமாக விடும் எழுத்துப்பிழைகள்கூட இருந்தன. "நீ எழுதுற மாதிரியேதான் கிடக்கு" என்றார். இப்போது நம்புகிறேன் என்கிறார். ஆனால் முன்பு ஒரு மணித்தியாலம் கதைப்பவர் இப்போது ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுகிறார். சில வேளை, எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை இடையில் கேட்கிறார். கதைப்பது நான்தானா என்று பார்க்கிறார் என்பது எனக்கு விளங்குகிறது. அப்படி எங்களுக்கு மட்டும் தெரிந்தது இப்போது அதிகம் மிச்சமில்லை.

10. எங்கள் வீட்டுக்கு எதிரே மாடியில் குடியிருக்கும் நிவேதிகா, அந்த மோட்டார் சைக்கிள்காரர் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் துடைத்த வேளையில் படம் எடுத்து வைத்திருந்தார். தன் பெண்பிள்ளைகளுக்காகப் பயந்து எடுத்ததாகச் சொன்னார். எங்கள் பக்கங்கள் தூதரகத்தைத் தவிர அந்தக் கடைக்கு மட்டுமே போனவை என்பதால், 24.09.2025 அன்று இருவரும் அந்தப் படத்தைத் திரு. தாஹிரிடம் கொண்டுபோனோம். பார்த்த உடனே, "இவன் ரஞ்சன். என்னட்ட எட்டு மாதம் நிண்டவன்" என்றார். எங்கள் 214 பக்கங்களையும் தட்டச்சு மேசையில் வைத்துப் பிரதி செய்தவர் அந்த ரஞ்சன்தான். மின்னஞ்சலைத் திறந்ததும் அவர்தான். தூதரகத்திலிருந்து எனக்கு வந்த கடிதங்களை இவ்வளவு காலமும் முதலில் வாசித்தவரும் அவரே. அவற்றுள் இரண்டு, நான் பதிலளிக்க வேண்டியவை. அவை எனக்குக் காட்டப்படவேயில்லை. விண்ணப்பம் இத்தனை காலம் இழுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று, கணவர் தூதரகத்தில் விசாரித்ததில் இப்போது அறிகிறேன். திரு. தாஹிர் கடையைச் சாத்திவிட்டு அங்கேயே வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார் (இணைப்பு 4). சாட்சிக்கு எப்போது கூப்பிட்டாலும் வருவதாகச் சொல்கிறார்.

11. ஐயா, இது என்னோடு முடியவில்லை. திரு. தாஹிரின் கடைக் கணக்கின்படி, அந்த எட்டு மாதத்தில் அதே கடையில் இன்னும் பதினொரு பெண்களின் துணைவர் விண்ணப்பங்கள் செய்யப்பட்டுள்ளன. 11.10.2025 அன்று அவர்களில் ஒருவரைத் தேடிக் கிளிவெட்டிக்குப் போனேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. என்னை விட வயது குறைந்தவர். படியில் இருத்தித் தண்ணீர் தந்தார். குலசிங்கம் என்ற பெயரைச் சொன்னதும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் வாசலில் நின்று, அவர் அலுவலர் இல்லை என்று சொன்னேன். உள்ளிருந்து பதில் வந்தது: "ஐயா நல்லவர். எங்கட அலுவல் இந்த மாதம் சரிவருமெண்டவர். நீங்கள் போங்கோ." மீண்டும் தட்டினேன். திறக்கவில்லை. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த உடுப்புகளுக்கு இடையில் ஒரு புதிய பயணப்பை திறந்து கிடந்தது. அதற்குப் பிறகு மற்றப் பத்துப் பேரிடமும் போக எனக்குத் துணிவு வரவில்லை. அது தங்களால்தான் ஆகும்.

12. 05.10.2025 அன்று நிவேதிகாவின் உதவியுடன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினேன். மறுநாளே அது மீண்டும் மாற்றப்பட்டிருந்தது. முகவரியை மீட்கும் தொலைபேசி இலக்கம் ரஞ்சனுடையது என்று திரு. தாஹிர் விளக்கினார். தூதரகம் எனக்கு எழுதும் எதுவும் இன்றைக்கும் அவரிடமே போகிறது. கடந்த வியாழக்கிழமை, 16.10.2025, மோட்டார் சைக்கிள் மறுபடியும் முகப்பில் நின்றது. இம்முறை அவர் என் வீட்டைப் பார்க்கவில்லை. நிவேதிகாவின் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

13. என் கணவர் தூதரகத்தோடு தொலைபேசியில் கதைத்து மன்றாடியதன் பேரில், மீளப் பெறும் கடிதம் போலியானது என்பதற்கான பொலிஸ் அறிக்கை 14.11.2025க்கு முன் கிடைத்தால் கோவையை மூடாமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திகதி தவறினால் முதலாவது படிவத்திலிருந்து தொடங்கவேண்டும். இன்னொரு மூன்று வருடத்துக்கு எங்கள் திருமணம் தாங்குமோ என்று நான் கணவரிடம் கேட்கவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை.

ஆகையால், மேற்கூறிய ரஞ்சன் என்பவரை விசாரித்து, அவரிடமுள்ள எங்கள் பக்கங்களையும் படங்களையும் கைப்பற்றி, 14ஆம் திகதிக்கு முன் எனக்கு அறிக்கை தரும்படியும், மற்றப் பதினொரு பெண்களின் வீடுகளுக்கும், குறிப்பாகக் கிளிவெட்டிக்கு, தாமதியாமல் ஆள் அனுப்பும்படியும் தங்களைப் பணிவுடன் மன்றாடுகிறேன். மூடிய உறையைப் பெண் உத்தியோகத்தர் ஒருவர் மட்டும் திறக்கவேண்டும். அதிலுள்ளவற்றை இதுவரை உரிமையில்லாத ஓர் ஆள் வாசித்தது போதும்.

கடைசியாக ஒன்று. இதற்கான பதிலை மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ தரவேண்டாம். சீருடையில் இருவரை, ஒருவர் பெண்ணாக, பகல் இரண்டு மணிக்குப் பின் அனுப்புங்கள். சீருடை இல்லாமல், தங்கள் அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லி யார் வந்தாலும், தங்கள் கையொப்பத்தையே கொண்டுவந்தாலும், நான் கதவைத் திறக்கமாட்டேன். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதிருக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) அஞ்சலினா சுகந்தன்

இடம்: திருகோணமலை
திகதி: 22.10.2025

இணைப்புகள்: 1. கோவை இலக்கமும் விண்ணப்பப் பிரதியும். 2. திருமணப் பதிவுச் சான்றிதழ். 3. நிவேதிகா எடுத்த படம். 4. திரு. தாஹிரின் வாக்குமூலம். 5. மீளப் பெறும் கடிதத்தின் பிரதியும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்று தங்கள் கருமபீடத்தில் உத்தியோகத்தர் முன்னிலையில் நான் இட்ட மூன்று கையொப்பங்களும். 6. மூடிய உறை.